கோழிப்பண்ணை சர்ச்

"ஏணி யாராண்ட கீது?" என்று கேட்டார் டேனியல் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, பிரசங்கம் தொடங்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் ஒரு போதகர் ஏணி கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. பைபிளை மூடி ஓரமாக வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் இது ஆச்சரியமாகத் தெரியவில்லை. ஒருவர் தன் வீட்டில் மூங்கில் ஏணி இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தார்ப்பாய் கொண்டுவருகிறேன் என்றார். மற்றொருவர் கீற்று வாங்கிவர சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

விஷயம் இதுதான். சற்று முன்னால் சகாயமேரி என்ற பெண் எழுந்து நின்று, ராத்திரி பெய்த மழையில் தன் குடிசை முழுக்க ஒழுகியது, பிள்ளைகளைப் படுக்க வைக்கக் காய்ந்த இடம் இல்லை என்று சொன்னாள். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கத்தரிக்காய் விலை சொல்வது போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"மழ திரும்பி வர்றதுக்குள்ள கூரைய மாத்திட்டு வந்துடலாம். வசனம் எங்கயும் ஓடிப்போவாது" என்றார் அண்ணன். ஆண்கள் எழுந்து போனார்கள். பெண்களில் சிலர் டீ போடக் கிளம்பினார்கள். இது சர்ச்சா, கூரை வேய்கிற காண்ட்ராக்டா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வெளியே புங்கமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என் கணவர் சேகர். என்னைக் கொண்டுவந்து விடுவதற்காக மட்டுமே வந்தவர். உள்ளே வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவரைப் பார்த்த டேனியல் அண்ணன், யார் எவர் என்று கூடக் கேட்காமல், "சார், சும்மாதானே நிக்கிறீங்க, இந்தப் பக்கம் புடிங்க" என்று ஏணியின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் மறுக்கத் தெரியாதவர். பேப்பரை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு ஏணியோடு போனவர், தலை நிறைய ஓலைத் தூசியோடு மத்தியானம் திரும்பி வந்தார்.

கை ஓயட்டும் என்று

இந்தத் தொடரில் நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சை விட்டு நான் வெளியே வரவே மாட்டேன் போலிருக்கிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நியாயமான குறைதான். அதனால் இந்த வாரம் எக்ஸ்சேஞ்சுக்கு லீவு. நிஜமாகவே நான் லீவில் இருந்த காலம் அது.

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். ராஜகீழ்பாக்கம் பக்கம் அப்போதுதான் மனை போட்டு முளைத்துக்கொண்டிருந்த ஒரு காலனியில் குடியிருந்தோம். தெருவில் வீடுகளை விடக் கருவேலம் புதர்கள் அதிகம். எனக்குப் பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிரசவ லீவு முடிந்து, சம்பளமில்லாத லீவையும் நீட்டி, இனிமேல் நீட்ட முடியாது, வந்து சேரு, இல்லையென்றால் வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடு என்று மேலதிகாரி அம்மா சொல்லியனுப்பிவிட்டார்.

குழந்தையை யாரிடம் விடுவது? என் அம்மா இல்லை. மாமியார் ஆரணியில் மூத்த மகனின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அகரம்தென்னிலிருந்து ஓர் ஆயா வந்தார். நல்ல மனுஷி. வந்த வேகத்திலேயே அவருடைய மகளுக்குப் பிரசவம் என்று போனவர் திரும்பவில்லை.

"பேசாம வேலையை விட்டுடேன் விஜயா. இருக்கறதை வெச்சு ஓட்டிக்கலாம்" என்றார் சேகர். கோபத்தில் சொல்லவில்லை. எனக்குப் பாரம் குறையட்டும் என்று அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சிக்கலே. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னதும் "பார்க்கலாம்" என்றேன்.

நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். நான் முடியாது என்று நினைத்துச் சொன்னேன். பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

எனக்கு அந்த வேலை உயிர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ட்ரங்க் கால் இணைக்கும் போர்டு முன்னால் உட்கார்ந்தால், மதுரைக்கும் பம்பாய்க்கும் நடுவில் நான்தான் பாலம். பரீட்சை எழுதி, என் பேருக்கு ஆர்டர் வந்து, நானாக வாங்கிய வேலை. ஆனால் ஒரு பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வேலைதான் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு மட்டும் தெரியும். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் வேலை. எப்போதும் அவசரம், எப்போதும் சிரிப்பு. அவர்தான் ஒரு நாள், "ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுக்கு வாயேன் விஜி. நீ சாமி கும்பிட வேணாம். அங்க பாப்பாவைத் தூக்க அத்தனை பேர் இருப்பாங்க, உன் கை கொஞ்சம் ஓயும்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் போனது கை ஓய்வதற்குத்தான்.

உயரமான சர்ச்சும் தகரக் கொட்டகையும்

சர்ச் என்றால் எனக்கு நினைவில் இருந்தது நான் படித்த கான்வென்ட்டின் சர்ச். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சொன்ன வார்த்தை மேலே போய் முட்டித் திரும்பி வரும். மெழுகு வாசனையும், தலையில் வெள்ளைத் துணி போட்ட அக்காக்களும், கிசுகிசுப்பும். நாங்கள் இந்துப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். அங்கே எல்லாரும் தும்மக்கூடப் பயப்படுவார்கள்.

இது மாடம்பாக்கம் போகும் வழியில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயல் ஓரத்தில் நீளமாக ஒரு தகரக் கொட்டகை. முன்பு கோழிப்பண்ணை. கோழிகளுக்குச் சீக்கு வந்து பண்ணை நொடித்துப்போக, கொட்டகை சும்மா கிடந்தது. டேனியல் அண்ணன் சுண்ணாம்பு அடித்துச் சாணி மெழுகி எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லாருக்கும் அது "கோழி சர்ச்". அந்தப் பெயரில் அவர்களுக்கு வருத்தமே இல்லை. வழி கேட்டால் அவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

இடுப்புயரத்துக்குச் சுவர், அதற்கு மேலே கூரை வரைக்கும் கம்பி வலை. காற்று நன்றாக வரும். மழை பெய்த மறுநாள் பழைய குடித்தனக்காரர்களின் வாசனையும் கொஞ்சம் வரும். ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல் போனால் பாட்டை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்திலிருந்து பாடுவார்கள்.

டேனியல் அண்ணனுக்கு வாரத்தில் மற்ற நாள் எல்லாம் கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் உறை வார்க்கிற வேலை. புதுக் காலனிகளில் வீட்டுக்கு வீடு கிணறு வெட்டிய காலம். அதனால் ஓய்வே இருக்காது. விரலெல்லாம் சிமெண்ட் தின்று வெடித்திருக்கும். விளிம்பு உடைந்து விலை போகாத உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை வைத்திருந்தார். அதுதான் பிரசங்க மேடை.

முதல் ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து இன்னொருவர். பாட்டு முடிவதற்குள் என் மகள் கொட்டகையின் மறுகோடிக்குப் போய், பெரிய மீசை வைத்த ஒருவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பீட்டர் சார். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் என் தோளைத் தவிர வேறு எங்கும் தூங்க மறுக்கும் பெண் அவள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதைவிட நிம்மதியாகவும் இருந்தது.

சொல்லக் கூடாதவை

ஏணி கேட்ட கதையைத் தொடங்கிவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அந்த சர்ச்சின் வழக்கத்தைச் சொன்னால்தான் அது புரியும்.

ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் ஒரு நேரம் உண்டு. "வாய் திறக்கிற நேரம்" என்று பெயர். தேவை இருக்கிறவர் எழுந்து நின்று சொல்லலாம். தன் தேவையைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும். அடுத்தவருக்காக யாரும் கேட்கக் கூடாது. பெண்டாட்டிக்காகப் புருஷன் கூடக் கேட்கக் கூடாது.

உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. உதவ முடிந்தால் கையைத் தூக்கி, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் பேசாமல் இருந்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லக் கூடாது. "ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பதற்கும் தடை. இன்னொன்றுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "ஜெபம் பண்ணிக்கிறோம்" என்றும் சொல்லக் கூடாது.

ஒரு சர்ச்சில் இப்படி ஒரு தடையா என்று அண்ணனிடமே கேட்டேன். அவர் முன்பு போய்க்கொண்டிருந்தது ஒரு பெரிய சர்ச். மனைவி டைபாய்டில் படுத்திருந்தபோது வாசலில் நின்று கைகொடுத்த அத்தனை பேரும் ஜெபித்துக்கொள்கிறோம் என்றார்களாம். அண்ணன் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க ஆளில்லை.

"ஜெபத்த நான் வேணாங்கலம்மா. ஜெபம் பண்ணிட்டு ஒரு சொம்பு கஞ்சி எட்தாந்திருக்கலாம்ல?" என்றார். குரலில் கசப்பே இல்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த மனுஷரை அப்போதே பிடித்துப்போயிற்று.

காலனியில் பேச்சு கிளம்பாமல் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் சோறு போட்டே மதம் மாற்றிவிடுவார்கள் என்று எதிர்வீட்டு மாமி எச்சரித்தார். அதையும் நான் அண்ணனிடம் நேராகவே கேட்டுவிட்டேன். எனக்கு வயிற்றில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது, என் சொந்த விஷயத்தைத் தவிர.

"மாறுறதும் மாறாததும் உனுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல கீற விஷயம். அதுக்குள்ள நான் இன்னாத்துக்கு?" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் கேட்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன். நான் மாறவில்லை. நெற்றியில் விபூதியோடுதான் போவேன். பிரதோஷத்துக்கு மாடம்பாக்கம் சிவன் கோவிலுக்கும் போவேன். இரண்டு இடத்திலும் யாரும் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

நாற்காலிகள்

இப்படி ஒரு கட்டுப்பாடு வைத்தால் கூத்துகளும் நடக்கத்தானே செய்யும்.

ஒரு வாரம் தையல்கார ஜான் எழுந்து, தன் மகளைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து வருகிறார்கள், வீட்டில் உட்கார நாற்காலி இல்லை என்றார். கைகள் எழும்பின. எல்லாரும் சனிக்கிழமை காலை என்றார்கள். யார் எத்தனை கொண்டுவருவது என்று பேசிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை சைக்கிளிலும் தலையிலும் நாற்காலிகள் வந்து இறங்கின. மடக்கு நாற்காலி, பிளாஸ்டிக் வயர் பின்னிய நாற்காலி, முடிவெட்டும் கடையிலிருந்து சுழலும் நாற்காலி ஒன்று. சேகரும் எங்கள் வீட்டு நாற்காலியை ஸ்கூட்டர் பின்னால் கட்டிக்கொண்டு போனார். நான் கேட்கவே இல்லை, அவராகத்தான் போனார். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வீடு சின்னது. நாற்காலிகளைப் போட்டபின் நிற்க இடம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வர, ஒருவர் வெளியே போக வேண்டியிருந்தது. "இன்னாங்க, கட்சி மீட்டிங் எதுனா கீதா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டாராம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்த மாப்பிள்ளை, பெண் காபி கொண்டுவரும்போது தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். பெண் சிரித்துவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அப்பாவின் தலைவலி

இதையெல்லாம் ரசித்துக்கொண்டு வாராவாரம் போனேனே ஒழிய, என் தேவையை நான் சொல்லவில்லை.

மற்றவர்களுக்குக் கை தூக்குவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள், புதன்கிழமை சாயங்காலம் வா என்றேன். கேட்பதுதான் வரவில்லை. அது என் அப்பா கொடுத்த சொத்து.

அப்பா போஸ்ட் ஆபீசில் இருந்தவர். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதும் பிச்சை எடுப்பதும் அவருக்கு ஒன்றுதான். வீட்டில் காபிப் பொடி தீர்ந்துபோனால், "இன்னிக்குத் தலைவலி, காபி வேண்டாம்" என்று படுத்துக்கொள்வார். மாசக் கடைசியில் அவருக்குத் தவறாமல் தலைவலி வரும். எங்களுக்கும் அப்படியே பழகிவிட்டது. வேண்டும் என்பதை வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தோம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழாத பிள்ளைக்குத்தான் பாராட்டு.

ஸ்டெல்லா அக்காவுக்கோ பொறுக்கவில்லை. எனக்காக அவர் கேட்க முடியாது, கட்டுப்பாடு. அதனால் வாய் திறக்கிற நேரம் வந்ததும் இருமத் தொடங்குவார். என் இடுப்பில் முழங்கையால் இடிப்பார். ஒரு வாரம் அவர் இருமிய இருமலுக்கு, உனக்கு ஏதாவது மருந்து வேண்டுமா என்று அண்ணனே கேட்டுவிட்டார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லை. அந்த ஞாயிறு.

வாய் திறக்கிற நேரம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் பைபிளை எடுக்கப் போனார். என் கால்கள் தாமாக எழுந்துகொண்டன. அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"குழந்தையைப் பார்த்துக்க ஒரு ஆயா வேணும். சம்பளம் கொடுத்துடறேன்" என்றேன். கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியம்.

யாரும் கை தூக்கவில்லை. அண்ணன் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆயா வோணும்னா நாலு பேராண்ட சொல்லி வெக்கலாம்மா. அது சரி, உனுக்கு இன்னா வோணும்?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு உண்மை வந்துவிடும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

"எனக்கு வேலைக்குப் போகணும்" என்றேன். "வேலையை விட எனக்கு இஷ்டம் இல்ல. எல்லாரும் விட்டுடுன்னு சொல்றாங்க. விட்டா நான் செத்துட மாட்டேன், ஆனா நல்லா இருக்க மாட்டேன். எனக்குக் குழந்தையும் வேணும், வேலையும் வேணும்."

சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு பச்சைக் குழந்தைக்காரி பேசுகிற பேச்சா என்று யாராவது கேட்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. அங்கிருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் சித்தாள் வேலைக்கோ, வீட்டு வேலைக்கோ, கம்பெனிக்கோ போகிறவர்கள். அவர்கள் பிள்ளைகளையே அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். முடியாதவர்கள் பேசாமல் இருக்கலாம் என்பதுதான் வழக்கம், அவர்கள் பேசாமல் இருந்தார்கள். ஸ்டெல்லா அக்காவும் குனிந்துகொண்டார். அவருக்கும் டியூட்டி.

அவமானமாக இருந்தது. உட்காரப் போனேன்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

குரல் வெளியிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால், கம்பி வலையை விரல்களால் பிடித்துக்கொண்டு சேகர் நிற்கிறார். அக்குளில் பேப்பர். கோழிப்பண்ணைக்கு முழுச் சுவர் ஏது? இத்தனை வாரமும் மரத்தடியில் அவர் படித்தது பேப்பர் மட்டும் அல்ல, உள்ளே பேசிய ஒவ்வொரு பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் அங்கே இருப்பதே எனக்கு அந்த நிமிஷத்தில் மறந்துபோயிருந்தது. நினைவிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"செருப்ப கயட்டிட்டு உள்ள வந்து சொல்லுங்க சார்" என்றார் அண்ணன்.

சேகர் உள்ளே வந்தார். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் வேலை அவருக்கு. நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்தபோது கூடப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டவர். பேப்பரைச் சுருட்டிச் சுருட்டி, தரையைப் பார்த்துப் பேசினார்.

"எங்க கம்பெனியில செகண்ட் ஷிஃப்ட் யாருக்கும் பிடிக்காது. மத்தியானம் போய் ராத்திரி வரணும். நான் கேட்டா நிரந்தரமாவே கொடுத்துடுவாங்க. அவ காலை டியூட்டி வாங்கிக்கட்டும். காலையில பாப்பாவை நான் பார்த்துக்கறேன்."

"என்னிக்கிலேர்ந்து?" என்றார் அண்ணன். வழக்கம் வழக்கம்தான், சேகருக்கும் விலக்கு இல்லை.

"அவ லீவு முடியற அன்னியிலேர்ந்து. விடிகாலையில அவ கிளம்பறதுலேர்ந்து மத்தியானம் பன்னெண்டரை வரைக்கும். அதுக்கு மேல நான் ட்ரெயின் பிடிக்கணும். அவ வர மூணரை ஆயிடும். நடுவுல..." என்று நிறுத்தி, முதல்முறையாக நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். "நடுவுலதான் யாராச்சும் வேணும்."

அந்த மனிதர் கேட்டேவிட்டார். நான் வாரக்கணக்காக முழுங்கியதை, ஓர் ஓரத்தில் நின்று ஒரே மூச்சில்.

பீட்டர் சாரின் மீசை எழுந்தது. என் மகள் அன்றைக்கும் அவர் தோளில்தான். "பன்னெண்டரைக்கு நான் உங்க வீட்ல இருப்பேன். கூட்ஸ் வண்டியில முப்பது வருஷம் சும்மா உக்காந்து பழக்கம். ஒரு பாப்பாவோட உக்கார்றது பெரிய விஷயமா? லேட் எல்லாம் ஆகாது" என்றார்.

ரயில்வேக்காரர் லேட் ஆகாது என்றதும் கொட்டகையே சிரித்தது. ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நான் அழ மட்டும் செய்தேன்.

அண்ணன் பிரசங்கத்தை ஆரம்பித்தார். எதைப் பற்றிப் பேசினார் என்று எனக்குத் துளியும் நினைவில்லை. சேகர் ஆண்கள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், வெளியே போவதா இருப்பதா என்று தெரியாத முகத்தோடு.

வீட்டுக்குத் திரும்பும்போது குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் என் மடியில் தூங்கினாள். மாடம்பாக்கம் ரோட்டில் அப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் வண்டியே இருக்காது. சந்தோஷத்துக்கு நடுவில் எனக்குப் பயமும் வந்தது. ஊரார் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாளே என்று மனதில் பட்டிருக்குமோ?

"உனக்கு வேலைக்குப் போகணும்னு எனக்குத் தெரியவே தெரியாது விஜயா" என்றார், திரும்பாமல்.

"நீங்க கேக்கலை" என்றேன்.

"நீ சொல்லலை."

இரண்டும் உண்மை. அதற்குமேல் சண்டைக்கு வழியில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் சட்டைக் காலரில் புங்கம்பூ ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன்.

"வேற என்ன எல்லாம் என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன், நிறையவே இருந்தது. கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தேன். ரசத்தில் பூண்டு எனக்குப் பிடிக்காது என்பதில் தொடங்கி, அம்மா போனபிறகு எனக்கு ஆடி மாசம் வந்தாலே அழுகை வரும் என்பது வரைக்கும். காற்றில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

எங்கள் தெரு வந்தபோது நான் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை. ஸ்கூட்டர் திரும்பவில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தது.